தோற்சட்டைக் காப்பியல்: மூலமும் உரையும்

பாயிரம்

பாயிரம் இல்லாத நூல் நூலன்று என்பது மரபு. சிறப்புப் பாயிரத்துக்கு எட்டு உறுப்புகள் விதிக்கப்பட்டிருக்கின்றன. அவற்றை வரிசையாகச் சொல்லிவிட்டுப் பொருளுக்குள் புகுவோம்.

ஆக்கியோன் பெயர்: இதை வீட்டிலும் படிப்பார்கள் என்பதால் விடப்பட்டது.

வழி: இதற்கு முதல்நூல், ஜாக்கெட்டின் உட்புறத்தில் இடுப்பை ஒட்டித் தைத்திருக்கும் துணிச்சீட்டு. வாளி, இஸ்திரிப்பெட்டி, முக்கோணம், வட்டம் என்று சில படங்கள். எல்லாவற்றின் மேலும் ஒரு பெருக்கல் குறி. துவைக்காதே, தேய்க்காதே, வெளுக்காதே என்று விலக்குகளை மட்டும் அடுக்கிவிட்டு, என்னதான் செய்யவேண்டும் என்ற விதியைச் சொல்லாமல் முடிந்துபோகும் நூல் அது. வழிநூல், மெக்கானிக்குகளின் வாய்மொழி. இது இரண்டுக்கும் சார்புநூல்.

எல்லை: வடக்கே திருவொற்றியூர், 1955இல் தொடங்கிய என்ஃபீல்ட் இந்தியாவின் புல்லட்டுகள் பிறந்த ஊர். மேற்கே ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி. தோல் பதனிடும் ஊர்கள். தெற்கே புதுச்சேரி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடியலில் கிளம்பிய பைக்குகள் சிற்றுண்டி முடித்துத் திரும்பும் இடம். கிழக்கே வங்காள விரிகுடா. இந்த நான்கில் மூன்று எல்லைக்கோடுகள், நான்காவது எதிர்த்தரப்பு. அது ஏன் என்பது ஐந்தாம் நூற்பாவில் விளங்கும்.

நூற்பெயர் மேலே உள்ளது. யாப்பு, ஏழு நூற்பாக்களும் அவற்றின் உரையும். நுதலிய பொருள், மோட்டார் சைக்கிள் ஓட்டுவோர் அணியும் தோல் ஜாக்கெட்டைப் பேணுதல். கேட்போர், அப்படியொன்றை வாங்கியவர்களும், வாங்கியவர்களோடு ஒரே வீட்டில் வாழ நேர்ந்தவர்களும். பயன், பொருள் வீணாகாமை.

கருதுகோளும் பின்புலமும்

தோல் ஜாக்கெட் சாலையில் சாவதில்லை, வீட்டில் சாகிறது. அதைக் கொல்பவை இரண்டு. ஒன்று உரிமையாளரின் அன்பு, மற்றது பீரோ. இதுவே இந்த ஆய்வின் கருதுகோள்.

வரலாறு சுருக்கமானது. 1928இல் நியூயார்க்கில் இர்விங் ஷாட் என்பவர் மோட்டார் சைக்கிள்காரர்களுக்கென்று ஒரு தோல் ஜாக்கெட் தைத்து, தமக்குப் பிடித்த சுருட்டின் பெயரை அதற்கு வைத்தார்: பெர்ஃபெக்டோ. விலை ஐந்தரை டாலர். பொத்தானுக்குப் பதில் ஜிப். அதுவும் நடுவில் இல்லாமல் ஓரமாகச் சாய்ந்து ஓடும் ஜிப். குனிந்து ஓட்டும்போது வயிற்றில் குத்தாது. முன்மடிப்பு ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதால் காற்றும் புகாது. 1953இல் மார்லன் பிராண்டோ அந்தப் பாணி ஜாக்கெட்டோடு ‘தி வைல்ட் ஒன்’ படத்தில் தோன்றிய பிறகு, பைக் இல்லாதவர்களுக்கும் ஜாக்கெட் தேவைப்பட்டது.

அஃதேல், நியூயார்க் குளிருக்குப் பிறந்த உடை சென்னையில் என்ன செய்கிறது எனின், தோல் நம்மிடமே இருக்கிறது. பைக்கும் இங்கேயே செய்கிறார்கள். குளிர் ஒன்றுதான் இன்னும் இறக்குமதி ஆகவில்லை. மூன்றில் இரண்டு தேர்ச்சிக்குப் போதும் என்று அந்த ஆட்சேபத்தை மறுக்க.

நூற்பா 1

தோலெனப் படுவது மூவகைத் தாகும்:
பூச்சுடைத் தோலும் பூச்சிலாத் தோலும்
போலித் தோலும் என்மனார் வணிகர்.

உரை: இச்சூத்திரம் என்னுதலிற்றோ எனின், தோலின் வகை உணர்த்துதல் நுதலிற்று. ‘என்மனார் புலவர்’ என்னாது ‘என்மனார் வணிகர்’ என்றது, இவ்வகை வேறுபாடு பெரும்பாலும் பில் போட்ட பிறகே வாங்கியவருக்குத் தெரியவரும் ஆதலின்.

பூச்சுடைத் தோல், மேலே நிறமும் மெல்லிய படலமும் ஏற்றியது. பைக் ஜாக்கெட்டுகளில் பெரும்பாலானவை இவ்வகை மாட்டுத்தோல்; கனம் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல். பூச்சிலாத் தோல் அனிலின் சாயம் ஏறியது. மயிர்க்கால் துளைகள்கூடக் கண்ணுக்குத் தெரியும். தொட்டால் இதம், விலையைக் கேட்டால் அதிர்ச்சி. எது எது என்று அறிய ஒரு சொட்டு நீர் போதும். கண்ணில் படாத மூலையில், காலருக்கு அடியில் வைத்துப் பார்க்கவும். நீர் முத்தாக நின்றால் பூச்சுடையது. உள்ளே இறங்கி அந்த இடம் கறுத்தால் பூச்சிலாதது. காய்ந்ததும் பழைய நிறத்துக்கு வந்துவிடும், பதற வேண்டாம்.

மூன்றாவதான போலித் தோலை நம்மூர் ரெக்சின் என்ற ஒரே பெயரில் அடக்கிவிடும். துணியின்மேல் பாலியூரித்தேன் பூசியது பெரும்பான்மை. காற்றின் ஈரத்தால் அந்தப் பூச்சு வேதிமுறையில் சிதையும். சில ஆண்டுகளில் தோள்பட்டையில் தொடங்கிச் செதில் செதிலாக உதிரும். இதற்கு மருந்தில்லை. எந்த எண்ணெயும், எந்த க்ரீமும் உதிர்ந்ததை ஒட்டாது. உதிரத் தொடங்கிய ஜாக்கெட்டுக்குப் பராமரிப்புச் சாமான் வாங்கிக்கொண்டிருப்பவர் இந்நூலை இத்துடன் மூடிவிடலாம்; இனி வருபவை அவருக்குப் பயன்படா.

தெருவோரக் கடைகளில் ஒரு பரிசோதனை உண்டு. கடைக்காரர் லைட்டரைப் பற்றவைத்து ஜாக்கெட்டின்மேல் ஒரு வீச்சு வீசி, “பாருங்க சார், ஒரிஜினல் லெதர்” என்பார். அந்த வேகத்தில் வீசினால் போலியும் எரியாது, சாருடைய சட்டையும் எரியாது. இச்சோதனையால் நிறுவப்படுவது லைட்டரில் கேஸ் இருக்கிறது என்பது மட்டுமே. வெட்டு விளிம்பைத் தேடிப் பார்ப்பதே முறையான சோதனை: நார்நாராகத் தெரிந்தால் தோல், அடியில் துணி நெசவு தெரிந்தால் ரெக்சின்.

நூற்பா 2

நாரும் நெய்ப்பும் அளவான ஈரமும்
சீருற நிற்பது தோலின் இயல்பே.

உரை: இது தோலின் உள்ளமைப்புக் கூறுகின்றது.

நார் என்பது கொலாஜன். மூன்று புரதச் சங்கிலிகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிய மும்முறுக்குக் கயிறு அது. இந்த அமைப்பை 1954இல் கண்டு சொன்னவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். ஆராய்ச்சிக்குக் கொலாஜன் தந்தவற்றுள் கங்காருவின் வால் தசைநாரும் ஒன்று. இன்றைக்குப் பந்தய ஓட்டிகள் விரும்பி அணிவது கங்காருத் தோல், மெல்லியதாக இருந்தும் கிழியாமல் தாங்குவதால். கங்காரு ஏன் எப்போதும் இத்துறையில் வந்து குதிக்கிறது என்பது தனி ஆய்வுக்குரியது. நமக்கு வேண்டியது, கிண்டிப் பக்கம் நம்மோடு சிக்னலில் நிற்கும் ஜாக்கெட்டின் மூல இரகசியம் அதே கிண்டியில்தான் அவிழ்க்கப்பட்டது என்பது. 1948இல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனமும் அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் அடையாற்றில் இருக்கிறது. இவ்வளவு அறிவு குவிந்த சாலையில் போகும் ஜாக்கெட்டுக்குப் பூசணம் பிடிப்பது முரண்.

பச்சைத் தோல் அழுகும். அழுகாமல் செய்வது பதனிடுதல். நம் பக்கத்துப் பழைய முறை ஆவாரம்பட்டையும் கடுக்காயும், எண்ணெய்க்குப் புங்கம். குரோம் உப்பால் பதனிடும் முறைக்கு 1884இல் அகஸ்டஸ் ஷூல்ட்ஸ் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் ஆல்ஃபிரட் சாட்டர்டன் சென்னை ஓவியக் கல்லூரியில் அதைச் செய்துபார்த்தார். அவருக்கு அப்போது முன்னால் நின்ற கேள்வி மோட்டார் சைக்கிள் அல்ல, கிணற்றில் நீர் இறைக்கும் கவலைத் தோல். நாள்முழுதும் நீரில் கிடந்தும் தாங்கும் தோல் உழவருக்குத் தேவைப்பட்டது. குரோம் தோல் தாங்கியது. பிறகு குரோம் தோல் ஆலையின் பெயரால் ஒரு பேட்டையும் ஒரு ரயில் நிலையமும் வந்தன.

பச்சைத் தோலை நீரில் சூடேற்றினால் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் சுருங்கிவிடும். நன்கு பதனிட்ட குரோம் தோல் கொதிநீரையே தாங்கும். ஆகவே ஜாக்கெட்டைப் பற்றி நாம் படும் கவலைகளில் பாதி, சாட்டர்டன் காலத்திலேயே தீர்ந்த கவலை.

நெய்ப்பு என்றது, பதனிட்டபின் பெரிய உருளைப் பீப்பாயில் வெந்நீரோடு சேர்த்து எண்ணெயைக் குழம்பாக்கி நார்களுக்கு இடையே ஊட்டுவதை. நார்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு விறைக்காமல் இருப்பது இதனால். சல்பேட் ஏற்றிய விளக்கெண்ணெய் இதற்குப் பயன்படும் சரக்குகளுள் ஒன்று. பிள்ளைகளின் வயிற்றுக்கு மட்டுமே விளக்கெண்ணெய் என்று நம்பியிருந்த தலைமுறைக்கு இது புதிய செய்தி. இங்கே கவனிக்க வேண்டியது: ஆலை இந்த நெய்ப்பை நாரின் ஆழம்வரை ஊட்டியிருக்கிறது. நாம் மேலே தடவுவது அதில் குறைந்ததை ஈடுசெய்யும் சிறு திருத்தமே. திருத்தம் மூலத்தைவிடப் பெருத்தால் என்ன ஆகும் என்பது அடுத்த நூற்பா.

நூற்பா 3

ஏற்கும் அளவே எண்ணெய் என்க;
மிஞ்சிய எண்ணெய் நஞ்செனப் படுமே.

உரை: இந்நூலின் உயிர்நாடி இச்சூத்திரம். தமிழ் வீட்டின் மருத்துவக் கொள்கை ஒன்றே: எண்ணெய். தலை சூடா, எண்ணெய். கதவு கிறீச்சிடுகிறதா, எண்ணெய். குழந்தை அழுகிறதா, வயிற்றில் இரண்டு சொட்டு. தீபாவளி விடிவதே எண்ணெயில்தான். இப்படி வளர்ந்த ஒருவர் தமது ஜாக்கெட் சற்று வறண்டிருப்பதைக் கண்டால், கை தானாகச் சமையலறை அலமாரிக்குப் போகும். கையைத் தடுக்கவே நூற்பா எழுதவேண்டியிருக்கிறது.

தேங்காய் எண்ணெய்: எளிதில் காறாது, ஆனால் 25 டிகிரிக்குக் கீழே உறையும். மார்கழிக் காலையில் குப்பியில் உறைவது ஜாக்கெட்டிலும் உறையலாம். மேலே வெள்ளைப் படலமாகப் பூக்கலாம். நல்லெண்ணெய்: காற்றில் ஆக்சிஜன் ஏற்றுப் பிசுபிசுக்கும், நாளடைவில் காறும். ஜாக்கெட் அணிந்து சிக்னலில் நிற்பவரைப் பார்த்துப் பக்கத்து வண்டிக்காரருக்கு மிளகாய்ப்பொடி நினைவு வரும். ஆலிவ் எண்ணெய்: அதே கதை, விலை மட்டும் அதிகம். மாட்டின் கால் எலும்பிலிருந்து எடுக்கும் நீட்ஸ்ஃபுட் எண்ணெயும், மிங்க் எண்ணெயும் குதிரைச் சேணத்துக்கும் காட்டுப் பூட்சுக்கும் புகழ்பெற்றவை. அவை தோலை நன்றாக இளக்கும். அந்த இளக்கம்தான் இங்கே குற்றம்.

எங்ஙனம் குற்றம் எனின், கூறுதும். சேணம் இளகலாம், பைக் ஜாக்கெட் இளகக் கூடாது. விழும்போது முழங்கை, தோள் ஆகியவற்றின் காப்புத் திண்டுகள் தத்தம் இடத்தில் நிற்கவேண்டும். எண்ணெய் குடித்துத் தொளதொளத்த கையில் முழங்கைத் திண்டு முன்கைக்கு நகர்ந்துவிடும். தையல் துளைகள் நீளும். தோல் தாங்கினாலும் தையல் விட்டுவிட்டால் பயனில்லை. அதனால்தான் 2020இல் வந்த ஈஎன் 17092 என்னும் ஐரோப்பியத் தரவரையறை தேய்மானத்தோடு தையல் வலுவையும் சோதிக்கிறது. மேலும் மிஞ்சிய எண்ணெய் தூசியைப் பிடிக்கும், பூசணத்துக்கு உணவாகும், வெள்ளைச் சட்டையின் கழுத்தில் கையெழுத்துப் போடும்.

ஆகலின் முறை இது. தோலுக்கென்றே விற்கும் கண்டிஷனர் க்ரீம், மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை. ஒரு ரூபாய் நாணய அளவு பருத்தித் துணியில் எடுத்து, முதுகில் தொடங்கி மெல்லியதாகப் பரப்புக. அரைமணி கழித்து உலர்ந்த துணியால் துடைத்தெடுக்க. துடைக்கும் துணியில் க்ரீம் நிறைய வந்தால், தடவியது அதிகம் என்று பொருள். முழங்கை மடிப்பு, காலர், மணிக்கட்டு ஆகிய மூன்றும் உழைக்கும் இடங்கள். அவற்றுக்கு மட்டும் இன்னும் கொஞ்சம். பூச்சுடைத் தோலில் க்ரீம் பெரும்பாலும் மேலேயே நிற்கும். அதைக் கண்டு ‘இழுக்கவில்லை’ என்று மேலும் தடவுபவர் பூச்சின் வேலையையே குறையாகக் கருதுபவர் ஆவார். ஷூ பாலிஷ் தடவுவோர் தனி வகுப்பினர். மெழுகு, கரைப்பான், சாயம் ஆகியவற்றால் ஆன அது பளபளக்கும். அந்தப் பளபளப்பைப் பிற்பாடு பின்சீட்டுக்காரரின் உடையில் காணலாம்.

நூற்பா 4

வெண்ணிறம் எல்லாம் பூசணம் அல்ல;
உப்பும் கொழுப்பும் ஒப்பன உளவே.

உரை: இஃது ஐயம் அகற்றுகின்றது. கறுப்பு ஜாக்கெட்டில் வெள்ளை தென்பட்டதும் “பூத்துப்போச்சு” என்று முடிவு கட்டுவது வழக்கம். அற்றன்று. வெள்ளை மூவகைப்படும். மூன்றுக்கும் மருந்து வேறு. ஆகவே முதலில் நோயறிதல்.

ஈரத்துணியால் துடைத்தால் மறைந்து, காய்ந்ததும் மீண்டும் வந்தால் உப்பு. வேர்வை தந்தது அது. அக்குளும் முதுகும் அதன் விளைநிலம். மீண்டும் மீண்டும் ஈரத்துணியால் ஒற்றி எடுப்பதே மருந்து. ஹேர் டிரையரைத் தள்ளிப் பிடித்து மிதமான சூடு காட்டியதும் உருகி மறைந்தால் கொழுப்பு. தோலிலேயே இருந்த நெய்ப்போ, மூன்றாம் நூற்பாவை மீறித் தடவியதோ மேலே வந்து உறைந்தது. துணியால் துடைத்துவிட்டுச் சும்மா இருக்கலாம். இரண்டுக்கும் அசையாமல், புள்ளிப் புள்ளியாகவும் பஞ்சு படர்ந்தும், பழைய புத்தகக்கட்டு வாடையோடு இருந்தால் அது பூசணமே.

பூசணத்தை வீட்டுக்குள் தட்டக் கூடாது; விதைத்தூள் பறந்து பட்டுப்புடவைக்குப் போகும், பிறகு ஆய்வாளர் எங்கே போவது? வெளியே கொண்டுபோய், மூக்கை மூடிக்கொண்டு, உலர்ந்த மென்தூரிகையால் நீக்குக. ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் நீரும் சம அளவில் கலந்து, துணியை நனைத்துப் பிழிந்து துடைக்க. முன்னதாகக் காலரின் அடியில் நிறம் போகிறதா என்று பார்த்துக்கொள்க. பின் நிழலில் காற்றாட விடுக. உள்துணியை மறவற்க, மேலே துடைத்துவிட்டு உள்ளே விட்டுவைப்பது, அடுத்த மழைக்கு விதைநெல் சேமிப்பதாகும்.

நூற்பா 5

மூடிய பீரோ முதற்பகை ஆகும்;
நெகிழிப் பையதன் நெருங்கிய உறவே.

உரை: இஃது இடம்பற்றிய விலக்கு. காற்றின் ஈரப்பதம் 65, 70 விழுக்காட்டைத் தாண்டி அங்கேயே நின்றால் பூசணம் முளைக்கும். கடலோரச் சென்னையில் அதைத் தாண்டாத நாளைத்தான் தேடவேண்டும். ஆண்டுக்குச் சுமார் 1400 மில்லிமீட்டர் மழையில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்க்கும். அந்நாட்களில் ஜாக்கெட் எங்கே இருக்கிறது? இரும்பு பீரோவில், கல்யாணப் பட்டுகளுக்கும் வரிரசீதுகளுக்கும் இடையே, நெகிழிப் பைக்குள், இருட்டில், காற்றின்றி. பூசணத்துக்கு விடுதி கட்டச் சொல்லி வல்லுநரிடம் கொடுத்தாலும் இதைவிடச் சிறந்த வரைபடம் வராது.

அஃதேல், பாச்சை உருண்டை போட்டிருக்கிறோமே எனின், அது பூச்சிக்கு வைத்தது. பூசணத்துக்கு அதன்மேல் அச்சம் இல்லை. ஜாக்கெட்டுக்கு உருண்டையால் கிடைப்பது வாடை மட்டும். நகைக்கடைப் பையிலிருந்தும் செருப்புப் பெட்டியிலிருந்தும் சேர்த்துவைத்த சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் உதவும். ஆனால் அவை ஈரம் குடித்து நிறைந்தபின் வெறும் மணல். சூடேற்றி உலர்த்தினால்தான் மறுபடி வேலை செய்யும்.

வைக்கவேண்டிய முறை: தோள் அகலமுள்ள கட்டை ஹேங்கர். இரண்டு மூன்று கிலோ எடையை மெல்லிய கம்பி ஹேங்கரில் தொங்கவிட்டால் தோள்பட்டையில் இரு கொம்புகள் முளைக்கும். பழைய பருத்தி வேட்டியை மேலே போர்த்துக. தூசி தங்காது, காற்று போகும். மடித்துவைக்கற்க, மடிப்பு நாளடைவில் வெடிப்பாகும். சன்னலிலிருந்து வெயில் படாத, மின்விசிறிக் காற்று எட்டும் சுவரே சிறந்த இடம். அது வீட்டின் கூடம். கூடத்தில் தொங்கவிட ஒப்புதல் பெறுவது தோலியலின் வரம்பைக் கடந்தது.

நூற்பா 6

நனைந்தது நிழலில் நாள்பல உலர்க;
அனலும் வெயிலும் அணுகுதல் இலவே.

உரை: இது தூய்மையும் உலர்த்தலும் கூறுகின்றது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடியலில் போய்வந்த ஜாக்கெட்டின் மார்பில் பூச்சிகளின் சிற்றூர் ஒன்று இருக்கும். ஈரத்துணியைச் சில நிமிடம் அதன்மேல் போட்டுவைத்தால் இளகிவரும், சுரண்ட வேண்டாம். பாத்திரச் சோப்பும் சலவைத்தூளும் காரத்தன்மையுடையவை, தோலோ அமிலப் பக்கம் நிற்பது, இரண்டையும் சேர்க்கற்க. தோலுக்குரிய சோப்பை நுரைத்து, நுரையை மட்டும் துணியில் எடுத்துத் துடைத்தால் போதும். சாதாரண உலர்சலவைக்குப் போட்டால் கரைப்பான் அழுக்கோடு நெய்ப்பையும் கழுவிக்கொண்டு போகும். உள்துணி கழற்றக்கூடியதாக இருந்தால், காப்புத் திண்டுகளை எடுத்துவிட்டு அதை மட்டும் கையால் அலசுக. ஜிப்பின் பற்களில் மெழுகுவத்தியை ஓட்டுக. கடற்காற்றின் உப்பு அங்கேதான் முதலில் கடிக்கும்.

மழையில் ஊறிய ஜாக்கெட்டை மொட்டைமாடிக் கொடியில், வடகத்துக்குப் பக்கத்தில் போடுவது குற்றம். வெயில் நிறத்தை வெளுக்கும். மேல்தோலை அவசரமாக உலர்த்தி விறைக்கவைக்கும். ஈரம் நாரிலிருந்து தன் வேகத்தில் வெளியேற வேண்டும். ஹேங்கரில் மாட்டி, ஜிப்பைத் திறந்து, பைகளை வெளியே இழுத்துவிட்டு, விசிறிக்கடியில் விடுக. முழுவதும் காய்வதற்குச் சற்று முன் கைகளை மடக்கி நீட்டி விடுக. பின் நாணய அளவு க்ரீம். வடகத்துக்கு வெயில், ஜாக்கெட்டுக்கு நிழல். இதை மாற்றினால் இரண்டும் கெடும்.

நூற்பா 7: புறனடை

அணிந்து திரிதலே ஆகப் பெருமருந்து;
இனைய பிறவும் இதன்பாற் படுமே.

உரை: மேற்கூறிய ஆறும் இந்த ஏழாவதில் அடங்கும். அணிந்து ஓட்டும்போது காற்று இருபுறமும் தோலைக் கடக்கிறது. மூட்டுகள் மடங்கி நிமிர்வதால் நார்கள் ஒட்டிக்கொள்ளாமல் நிற்கின்றன. பூசணத்துக்கு வேண்டிய அசையாமை கிடைப்பதில்லை. வாரந்தோறும் சாலையைக் காணும் ஜாக்கெட்டுக்கு ஆண்டில் இருமுறை க்ரீம் போதும். பீரோவில் தவமிருக்கும் ஜாக்கெட்டுக்கு வாரந்தோறும் தடவினாலும் போதாது.

அணிந்தால் வேர்வையாயிற்றே எனின், ஆம். அணிந்தால் உப்பு, அணியாவிட்டால் பூசணம். உப்பை ஈரத்துணி தீர்க்கும். பூசணம் அவ்வளவு எளிதில் தீராது. ஆகவே உப்பையே தேர்க. மே மாதத்தில் வெயில் 40 டிகிரியைத் தொடும் ஊரில் இதற்கு உகந்த பொழுது ஞாயிறு அதிகாலை. எனவே ஞாயிற்றுக்கிழமை விடியலில் நண்பர்களோடு மாமல்லபுரம் வரை போய்வருவது ஊர்சுற்றல் அன்று; தோல் பாதுகாப்பு என்று நிறுவப்பட்டது.

வாய்மொழித் தேர்வு

ஆய்வேடு முறைப்படி கூடத்தில், இரவு உணவுக்குப் பின் வாய்மொழித் தேர்வுக்கு வைக்கப்பட்டது. நெறியாளர் ஆய்வாளரின் மனைவி. புறத்தேர்வாளர், சீரியல் இடைவேளையில் வந்தமர்ந்த தாயார்.

முதல் வினாவைப் புறத்தேர்வாளர் எழுப்பினார்: “ஏம்பா, இந்த வெயில்ல இத மாட்டிக்கிட்டுப் போகலன்னா என்ன?”

ஆய்வாளர் ஆயத்தமாக இருந்தார். கேம்பிரிட்ஜில் ரோடரிக் உட்ஸ் என்ற அறிஞர், ஓடும் உப்புத்தாள் பட்டையின்மேல் உடைகளை அழுத்தி, எத்தனை நொடியில் ஓட்டை விழுகிறது என்று அளந்தார். 2002இல் வந்த ஈஎன் 13595 தரவரையறை, அடிபடும் இடங்களில் முதல் நிலை ஜாக்கெட் நான்கு நொடியும் இரண்டாம் நிலை ஏழு நொடியும் தாங்கவேண்டும் என்றது. சாதாரணச் சட்டைத் துணி ஒரு நொடிகூடத் தாங்காது. அதற்கு அடியில் இருப்பது நம்முடைய தோல். அதுவும் அதே கொலாஜன்தான், ஆனால் பதனிடாதது. இந்த விடை அவையில் நல்ல மதிப்பைப் பெற்றது. தாயார் சீரியலின் ஒலியைக் குறைத்தார்.

அப்போது நெறியாளர் கேட்டார்: “அப்ப ஞாயித்துக்கிழமை காலி ரோட்டுல போறப்ப மட்டும் போட்டுக்கறீங்க. திங்கக்கிழமை ஆபீசுக்கு, லாரியும் பஸ்ஸும் போற கத்திப்பாராவுல, ஏங்க வெறும் சட்டையோட போறீங்க?”

வெயில், நெரிசல், ஆபீசில் வைக்க இடமின்மை ஆகிய மூன்றும் விடையாக முன்வைக்கப்பட்டு, மூன்றும் தள்ளுபடியாயின. வலைத்துணியில் காப்புத் திண்டு வைத்த கோடைக்கால ஜாக்கெட்டுகள் தனியே கிடைக்கின்றன என்று ஆய்வாளர் புதிய தரவு ஒன்றைச் சமர்ப்பித்தார். அதன் விலை கேட்கப்பட்டது. சொல்லப்பட்டது. தரவு திரும்பப் பெறப்பட்டது.

தீர்ப்பு வருமாறு: ஆய்வேடு இரண்டு திருத்தங்களுடன் ஏற்கப்படுகிறது. ஒன்று, ஏழாம் நூற்பாவின் உரையில் ‘ஞாயிறு’ என்பதற்குப் பின் ‘திங்கள் முதல் வெள்ளி வரையும்’ என்று சேர்க்கவேண்டும். இரண்டு, மூன்றாம் நூற்பாவின்படி ஜாக்கெட்டுக்குத் தேவைப்படாத தேங்காய் எண்ணெய்க் குப்பி பைக் சாவி அலமாரியிலிருந்து உடனே சமையலறைக்குத் திரும்பவேண்டும்.